எடை இறங்கிய பின் தங்கிவிடும் தோல்

தங்கச்சிமடத்தில் இருக்கும் என் மதினிக்கு எடைக் குறைப்பு அறுவை நடந்து இருபது மாதங்கள் ஆகின்றன. 110 கிலோவில் இருந்தவர் இன்று 79 கிலோவில் நிற்கிறார். சர்க்கரைக்காகத் தினமும் போட்டுக்கொண்டிருந்த இன்சுலின் நின்றுவிட்டது. படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்காரும் இரவுகளும் போய்விட்டன. சென்ற மாதம் ராமநாதபுரத்தில் ஜாக்கெட் தைக்க அளவு கொடுக்க அவரோடு நானும் போயிருந்தேன். மார்புச் சுற்றளவு 46 அங்குலத்திலிருந்து 39-க்கு இறங்கியிருந்தது. கைச் சுற்றளவோ 17-லிருந்து 16-க்குத்தான் வந்திருந்தது. டேப்பைச் சற்று இறுக்கியதும் மேற்கையின் தோல் அதற்கு மேலும் கீழும் பிதுங்கி வழிந்தது. "அக்கா, கையை மட்டும் பழைய அளவுலயே தைச்சிடுறேன்" என்றார் தையல்காரர். மதினி தலையசைத்துவிட்டு முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார்.

அறுவைக்கு முன்பு ஒரு மருத்துவமனையில் அவரிடம் நீண்ட நேரம் பேசினார்கள். எவ்வளவு எடை இறங்கும், என்ன சாப்பிட வேண்டும், எத்தனை நாள் ஓய்வு, எவ்வளவு செலவு என்று எல்லாவற்றையும் சொன்னவர்கள் தோலைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அந்தக் குறையை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். எடை இறங்கிய பிறகு தோல் தொங்குவது எதிர்பாராமல் நேர்கிற பக்கவிளைவு அன்று. பெருமளவு எடை இறங்குகிற பெரும்பாலோருக்கு நடப்பது. அது சிகிச்சையின் இரண்டாம் பாதி. எனவே முதல் அறுவைக்கு ஒப்புக்கொள்ளும் முன்பே நோயாளியும் குடும்பத்தாரும் அதை அறிந்திருக்க வேண்டும்.

முதலில் இலக்கு எடையைப் பார்ப்போம், ஏனென்றால் மனக்குறையில் பாதி அந்த எண்ணில்தான் தொடங்குகிறது. மதினியின் உயரம் 160 சென்டிமீட்டர். கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும் உடல் நிறை எண், 110 கிலோவில் அவருக்கு 43. இந்தியர்களுக்கு அந்த எண் 23-க்குக் கீழே இருப்பது நலம் என்று மருத்துவர்கள் கொள்கிறார்கள். அப்படிப் பார்த்தால் அவர் 59 கிலோவுக்குக் கீழே வர வேண்டும். சுவரில் மாட்டிய உயர-எடை அட்டவணையைப் பார்த்துவிட்டு அந்த 59-ஐயே அவர் மனதில் பதித்துக்கொண்டார். அறுவை தரக்கூடியது வேறு. இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி நீக்கி அதைக் குழாய்போல ஆக்கும் ஸ்லீவ் முறையில் சராசரியாக மொத்த எடையில் 25 விழுக்காடும், ஏறத்தாழ 30 மில்லி கொள்ளும் சிறு பையை அமைத்து அதைச் சிறுகுடலோடு நேரடியாக இணைக்கும் பைபாஸ் முறையில் சராசரியாக 30 விழுக்காடும் குறைகிறது. 110 கிலோவில் தொடங்கியவர் அதன்படி 77 முதல் 83 கிலோவுக்குள் வந்து நிற்பார். மதினி 79-இல் நிற்கிறார் என்றால் அறுவை சரியாக வேலை செய்திருக்கிறது என்றுதான் பொருள்.

மருத்துவர்கள் இதை இன்னொரு கணக்காகவும் போடுகிறார்கள். உடல் நிறை எண் 25-க்கு உரிய எடையைத் தாண்டி இருப்பதெல்லாம் மிகையெடை. மதினிக்கு அது 64 கிலோவுக்கு மேலே இருந்த 46 கிலோ. அதில் பாதி போனாலே அறுவை வெற்றி என்று கொள்வது வழக்கம். அவருக்கு 31 கிலோ, அதாவது மூன்றில் இரண்டு பங்கு போயிருக்கிறது. பொதுவாக முதல் 12 முதல் 18 மாதங்களுக்குள் பெரும்பகுதி எடை இறங்கிவிடும். ஒன்றரை, இரண்டு ஆண்டுகளில் மிகக் குறைந்த எடையைத் தொட்ட பிறகு சில கிலோ திரும்ப ஏறுவதும் பலருக்கு உண்டு. எனவே இலக்கை ஒரே எண்ணாக வைக்காமல் நான்கைந்து கிலோ இடைவெளி உள்ள ஒரு வரம்பாக வைத்துக்கொள்வதே நியாயம். இதில் இன்னொன்றும் உண்டு: எடைக் கருவி காட்டும் அந்த 79 கிலோவில் தொங்கும் தோலும் அதன் அடியில் ஒட்டிய கொழுப்பும் சேர்ந்திருக்கின்றன. பட்டினி கிடந்தாலும் அந்தத் தோலின் எடை கரையாது. இதை அறியாமல், எடைக் கருவியின் முள் நகரவில்லையே என்று உணவை இன்னும் குறைப்பவர்கள் தசையைத்தான் இழக்கிறார்கள்.

தோல் ஏன் சுருங்குவதில்லை? மேல்தோலுக்கு அடியில் உள்ள உள்தோலில் கொலாஜன் இழைகள் தோலுக்கு உறுதியையும் எலாஸ்டின் இழைகள் மீளும் தன்மையையும் தருகின்றன. எலாஸ்டினை உடல் பெரும்பாலும் கருவிலும் குழந்தைப் பருவத்திலும்தான் உண்டாக்குகிறது. வளர்ந்த பிறகு சிதைந்த இழைக்குப் பதில் நல்ல இழை உருவாவது மிகவும் குறைவு. பத்து, பதினைந்து ஆண்டுகள் இழுபட்டே இருந்த தோலில் அந்த இழைகள் அறுந்து சிதைகின்றன, கொலாஜன் பின்னலும் நெகிழ்கிறது. பழைய பாவாடையின் இலாஸ்டிக் ஒரு கட்டத்துக்கு மேல் இழுபட்டால், இடுப்பு சிறுத்தாலும் அது திரும்பச் சுருங்காததைப் போன்றது இது. எத்தனை கிலோ குறைந்தது, எத்தனை ஆண்டு பருமனாக இருந்தார், வயது என்ன, புகைப்பழக்கம் உண்டா, எத்தனை பிள்ளை பெற்ற வயிறு, எவ்வளவு வெயில் பட்ட தோல், பரம்பரை எப்படி என்பவற்றைப் பொறுத்து அளவு மாறும். இருபத்தைந்து வயதில் 25 கிலோ குறைத்தவருக்கு ஓரளவு ஒட்டிக்கொள்ளும் தோல், ஐம்பது வயதில் 40 கிலோ குறைத்தவருக்கு ஒட்டாது.

தோலை இறுக்கும் என்று விற்கப்படும் எண்ணெய்களும் களிம்புகளும் மேலே ஈரப்பதம் கொடுப்பதோடு சரி. அறுந்த இழையை அவற்றால் இணைக்க முடியாது. உடற்பயிற்சி அவசியம்தான். தசை வளர்ந்தால் தோலுக்கு அடியில் உள்ள வெற்றிடம் சற்று நிரம்பும், நடை நிமிரும். ஆனால் அடிவயிற்றில் மடிந்து தொங்கும் தோலை எந்தப் பயிற்சியும் மேலே ஏற்றாது. "ஒழுங்காக நடந்திருந்தால் இப்படித் தொங்குமா?" என்று ஒருவரைக் கேட்பது அறியாமை மட்டுமல்ல, பெரிய அநியாயமும் கூட.

வயிற்று மடிப்பை மருத்துவர்கள் ஐந்து படிகளாகப் பிரிக்கிறார்கள். மடிப்பின் விளிம்பு அடிவயிற்று முடிக்கோட்டைத் தொட்டால் முதல் படி. பிறப்புறுப்பை மூடித் தொடை இடுக்கு வரை வந்தால் இரண்டு. மேல்தொடைக்கு வந்தால் மூன்று. தொடையின் நடுப்பகுதிக்கு வந்தால் நான்கு. முழங்காலையோ அதற்குக் கீழேயோ எட்டினால் ஐந்து. இரண்டாம் படியிலிருந்தே துன்பம் உடை, நடை, குளியல் எல்லாவற்றிலும் தெரியத் தொடங்கிவிடும்.

நம் கடற்கரையில் அந்தத் துன்பம் கூடுதல். பாம்பனிலும் கீழக்கரையிலும் தொண்டியிலும் வருடத்தில் பெரும்பாலான மாதங்கள் காற்றில் ஈரமும் உப்பும் கலந்தே இருக்கும், வியர்வை ஆறாது. தோலோடு தோல் ஒட்டிய மடிப்புக்குள் வியர்வை தேங்கி, உராய்ந்து, முதலில் சிவந்து, பிறகு தோல் வெளுத்து ஊறி, வெடித்து நீர் கசியும். அந்த வெதுவெதுப்பில் கேண்டிடா என்னும் பூஞ்சை எளிதாகக் குடியேறும், படர்தாமரையும் சேரும். அடிவயிற்று மடிப்பு, மார்பின் அடி, அக்குள், அரையிடுக்கு, தொடைகள் உரசும் இடம் ஆகியவைதான் முதலில் புண்ணாகும். ஆண்களுக்கும் இதே கதைதான். கைலியை மடிப்புக்கு மேலே கட்டினால் நழுவுகிறது, கீழே கட்டினால் முடிச்சு இடுக்கில் அழுத்திப் புண்ணாகிறது. கடல் பாசி எடுக்கப் போகும் பெண்களுக்கும் உப்பளத்தில் வேலை செய்பவர்களுக்கும் உப்புநீர் மடிப்புக்குள் காய்ந்து பொருக்காகி அறுக்கும். ராமேசுவரத்தில் அக்னி தீர்த்தத்தில் முழுகிவிட்டுக் கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் நீராடி, ஈரத்துணியோடு நெடுநேரம் நடப்பவர்களுக்கு அடுத்த இரண்டு நாளில் இடுக்கு சிவந்துவிடும். நீராடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மாற்றுத் துணியோடு ஒரு காய்ந்த பருத்தித் துண்டையும் கையில் வைத்திருந்து, மடிப்பைத் தூக்கித் துடைத்துக் காயவிட்டு உடுத்திக்கொண்டால் போதும்.

அன்றாடப் பராமரிப்பு எளிமையானதுதான், விடாமல் செய்ய வேண்டும் என்பதுதான் கடினம். மென்மையான சோப்பும் நல்ல தண்ணீரும் கொண்டு மடிப்புக்குள் கழுவ வேண்டும். கடலில் குளித்தாலும் கடைசியாக ஊற்றுவது நல்ல தண்ணீராக இருக்க வேண்டும். தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, படுத்துக்கொண்டு மடிப்பைத் தூக்கிப் பிடித்து மின்விசிறிக் காற்றில் ஐந்து நிமிடம் காயவிட வேண்டும். மதினி பழைய வேட்டியை ஒரு சாண் அகலத்துக்குக் கிழித்து, துவைத்து வெயிலில் உலர்த்தி அடுக்கி வைத்திருக்கிறார். காலையில் ஒன்று, மதியம் ஒன்று, மாலையில் ஒன்று என்று மடிப்புக்குள் வைத்து மாற்றுகிறார். கடையில் வாங்கும் எந்தப் பட்டையும் அந்த வேட்டித் துணி அளவுக்கு வியர்வையை உறிஞ்சவில்லை என்பது அவர் அனுபவம். முகப்பவுடரை அப்பிக்கொள்வது நல்லதன்று. அது வியர்வையில் கட்டியாகி உராய்வைக் கூட்டும்.

ஒன்றை அழுத்தமாகச் சொல்லியாக வேண்டும். மருந்துக்கடையில் போய் அரிப்புக்குக் களிம்பு என்று கேட்டால் கையில் கிடைக்கும் கூட்டுக் களிம்புகள் பலவற்றில் பூஞ்சைக்கொல்லியோடு குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற வீரியமான ஸ்டீராய்டும் கலந்திருக்கும். இரண்டே நாளில் அரிப்பு அடங்கும்; அதனால் நல்ல மருந்து என்று நம்பிக்கை வந்துவிடும். ஆனால் பூஞ்சை சாகாமல் பரவும், தோல் இன்னும் மெலிந்து கிழியும். மடிப்புக்குள் மருந்து அதிகமாக உறிஞ்சப்படுவதால் கேடும் அதிகம். எந்தக் களிம்பாக இருந்தாலும் தோல் மருத்துவரிடம் காட்டியே வாங்க வேண்டும். சிவப்பு வேகமாகப் பரவி, சூடும் வலியும் காய்ச்சலும் சேர்ந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது, சர்க்கரை நோய் இருந்தவர்கள் குறிப்பாக.

உடலின் துன்பத்தோடு ஊரின் வாயும் சேர்ந்துகொள்கிறது. "என்ன மதினி, சுகர் முத்திருச்சா? இப்படி வத்திப் போயிட்டீக!" என்று மீன் வாங்கும் இடத்தில் ஒருவர் கேட்டதிலிருந்து என் மதினி ஒரு வாரம் வெளியே வரவில்லை. நம் பக்கத்தில் சதை போட்டால் வளமை, வற்றினால் நோய் என்றே பார்த்துப் பழகியிருக்கிறோம். முகமும் கழுத்தும் தொய்ந்தவரை எடை குறைத்தவராக யாரும் பார்ப்பதில்லை, நோய்ப்பட்டவராகவே பார்க்கிறார்கள். வீட்டில் உள்ளவர்களாவது நடந்ததை அறிந்து துணை நிற்க வேண்டும்.

தொங்கும் வயிற்று மடிப்பை வெட்டி நீக்கும் அறுவையை இன்றைய அழகு மோகம் கொண்டுவந்தது என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஹோவர்ட் கெல்லி என்ற பெண்நோய் மருத்துவர் 1899-லேயே அத்தகைய அறுவையைப் பதிவு செய்திருக்கிறார். எட்வர்ட் மேசன் இரைப்பை பைபாஸ் அறுவையைத் தொடங்கிய 1966-க்கு அது அறுபது ஆண்டுகளுக்கும் மேல் முந்தையது. உடல் சுமக்க முடியாத தோலை இறக்கி வைப்பதுதான் அதன் தொடக்க நோக்கம்.

இன்று இரண்டு வகையாக அதைச் செய்கிறார்கள். மடிப்பை மட்டும் நீக்குவது ஒன்று. தோலை நீக்குவதோடு விலகிப் போன வயிற்றுத் தசைகளையும் இழுத்துத் தைத்து, தொப்புளைப் புதிய இடத்தில் பொருத்துவது இன்னொன்று. இரண்டிலும் அடிவயிற்றில் ஒரு இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்பு வரை தழும்பு இருக்கும். தோல் பக்கவாட்டிலும் தளர்ந்திருந்தால் நடுவில் செங்குத்தாகவும் ஒரு தழும்பு சேரும். மேற்கைக்கு அக்குளிலிருந்து முழங்கை வரை உள்பக்கம் வெட்டுவார்கள். தொடைக்கு அரையிடுக்கை ஒட்டி வெட்டுவதால் ஆறுவது தாமதமாகும். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்துவிட வேண்டும் என்று ஆசைப்படக் கூடாது. மாதக்கணக்கில் இடைவெளி விட்டுப் பல கட்டங்களாகச் செய்வதே பாதுகாப்பு. கொழுப்பை உறிஞ்சும் லைப்போசக்‌ஷன் மட்டும் போதும் என்று சொன்னால் நம்ப வேண்டாம். அது கொழுப்பை எடுக்கும், தோலை எடுக்காது, தொய்வு கூடவும் செய்யலாம்.

இதன் ஆபத்துகளையும் சேர்த்தே தராசில் வைக்க வேண்டும். தோலுக்கு அடியில் நீர் கோத்தல், இரத்தம் கட்டுதல், தையல் விலகுதல், சீழ் பிடித்தல், விளிம்புத் தோல் கருகுதல், கால் இரத்தக்குழாயில் இரத்தம் உறைதல் ஆகியவை நேரக்கூடியவை. புகைப்பவர்களுக்கும், உடல் நிறை எண் இன்னும் 30-க்கு வெகு மேலே இருப்பவர்களுக்கும், சத்துக் குறைந்தவர்களுக்கும் இவை கூடுதலாக வரும். புகையை ஒரு மாதத்துக்கு முன்பே அடியோடு விட்டிருக்க வேண்டும்.

சத்து என்றதும் மீண்டும் தட்டுக்கு வர வேண்டியிருக்கிறது. எடைக் குறைப்பு அறுவை செய்தவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும். அது இல்லாமல் தையல் ஆறாது. நம் கரையில் அதற்குப் பஞ்சமில்லை. முள் நீக்கிய 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் இருக்கிறது, ஒரு முட்டையில் 6 கிராம். ஊழியோ பாறையோ நெத்திலியோ குழம்பில் இட்டதை முதலில் சாப்பிட்டு, சோற்றைக் கடைசியில் இரண்டு வாய் எடுத்துக்கொள்ளும் வழக்கம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கருவாட்டிலும் புரதம் உண்டு, ஆனால் உப்பு இரத்த அழுத்தத்தை ஏற்றும். ஏமாற்றுவது இனிப்பு: கீழக்கரைத் தொதல் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்ந்து வழுக்கிக்கொண்டு இறங்கும், சிறுத்த இரைப்பையையும் நிறைக்காது. பைபாஸ் செய்தவருக்கு அதைத் தின்ற அரைமணி நேரத்தில் படபடப்பும் வியர்வையும் வயிற்றோட்டமும் வரலாம். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றை ஆயுள் முழுக்க மருத்துவர் சொன்னபடி எடுத்துக்கொள்ள வேண்டும். தோல் அறுவைக்கு நாள் குறிக்கும் முன் ஹீமோகுளோபினையும் இரத்தப் புரதத்தையும் பார்த்துவிட வேண்டும். நம் பெண்களிடம் இரத்தசோகை மிகுதி.

பணம் இன்னொரு மலை. 2019-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொது விதிகளின்படி, உடல் நிறை எண் 40-ஐத் தொட்டவர்களுக்கும், கட்டுக்குள் வராத சர்க்கரை, கடும் தூக்க மூச்சுத்திணறல், இதய நோய் போன்றவற்றோடு 35-ஐத் தொட்டவர்களுக்கும் எடைக் குறைப்பு அறுவைக்குக் காப்பீடு கிடைக்க வழி உண்டு. தோல் நீக்கமோ அழகு சிகிச்சை என்ற விலக்குக்குள் தள்ளப்படுகிறது. உடல்நலத்துக்கு நேரடியான ஆபத்தை நீக்க மருத்துவக் காரணத்தால் தேவை என்று சிகிச்சை தரும் மருத்துவர் சான்று அளித்தால்தான் அந்த விலக்கைத் தாண்ட முடியும். எனவே மடிப்பில் புண் வந்து மருத்துவரிடம் போகும் ஒவ்வொரு முறையும் சீட்டையும் மருந்துப் பட்டியலையும் தேதியோடு பத்திரப்படுத்துங்கள், புண்ணைப் படமெடுத்து வையுங்கள். அரசு மருத்துவமனையை நாடுவோருக்கு மதுரை ராஜாஜி மருத்துவமனையில் ஒட்டுறுப்பு அறுவை (பிளாஸ்டிக் சர்ஜரி) பிரிவு இருக்கிறது. புண்ணுக்கு வைத்தியம் பார்க்க 2022-இல் தொடங்கிய ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியே போதும்.

எப்போது செய்வது? எடைக் குறைப்பு அறுவை முடிந்து 12 முதல் 18 மாதங்கள் கழிந்திருக்க வேண்டும். அதன் பிறகு குறைந்தது மூன்று மாதமாவது, முடிந்தால் ஆறு மாதம், எடை ஏறாமல் இறங்காமல் நின்றிருக்க வேண்டும். எடை இறங்கிக்கொண்டிருக்கும்போதே தோலை வெட்டினால் மீதித் தோல் மறுபடி தொங்கும். பிள்ளை பெற எண்ணும் பெண்கள் வயிற்று அறுவையைப் பேறுகாலத்துக்குப் பிறகே வைத்துக்கொள்வது நல்லது.

இந்தக் கணக்கோடு ஊர்க் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்குப் போகும் ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், பார்த்துக்கொள்ள ஆள் உண்டு என்று பல குடும்பங்கள் அறுவைகளை அப்போதுதான் வைக்கின்றன. தோல் அறுவைக்கு அது பொருந்தாது. ஏறத்தாழ ஆறு வாரம் உடலை இறுக்கிப் பிடிக்கும் உடையை இரவும் பகலும் அணிய வேண்டும். கத்திரி வெயிலில் அதற்குள் வியர்த்துத் தையல் ஊறும். புயல் மாதங்கள் முடிந்த மார்கழிக் கடைசியும் தை, மாசியும் ஏற்றவை. அதே ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது. ஒரு குடம் தண்ணீர் ஏறத்தாழ 15 கிலோ. தள்ளுவண்டியில் ஐந்து குடம் வைத்துத் தள்ளிக்கொண்டு வருகிற வீட்டில், அந்த வண்டியை யார் தள்ளுவது என்பதை நாள் குறிக்கும்போதே பேசி முடிக்க வேண்டும். தங்கச்சிமடத்திலிருந்து மதுரை சுமார் 160 கிலோமீட்டர். தோலுக்கு அடியில் சேரும் நீரை வெளியேற்ற வைக்கும் வடிகுழாயோடு அவ்வளவு தூரம் மடங்கி உட்கார்ந்து பயணம் செய்வது தையலுக்கும் கால் இரத்தக்குழாய்க்கும் கேடு என்பதால், குழாய் எடுக்கும் வரை மதுரையிலேயே உறவினர் வீட்டில் தங்குவது உத்தமம்.

மதினியின் எடை ஐந்து மாதமாக 79-க்கும் 80-க்கும் இடையிலேயே நிற்கிறது. ஹீமோகுளோபின் 9.8 இருந்ததால் இரும்புச் சத்தை ஏற்றிக்கொண்டு தை மாதம் வரச் சொல்லியிருக்கிறார் அறுவை மருத்துவர். வயிறு முதலில், கை பிறகு. தண்ணீர் வண்டிக்கு அண்ணன் ஒப்புக்கொண்டுவிட்டார். வேட்டித் துணிகள் கொடியில் காய்கின்றன.